பாரிமுனையில் எங்கள் நிலம்

சென்னைப் பாரிமுனையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே வழியாகத்தான் நடக்கிறார்கள். உயர்நீதிமன்றத்தின் செங்கல் சிவப்பு, குமிழ்க் கோபுரங்கள், இந்தோ சாரசனிக் பாணி, பிராசிங்டன் வரைந்தார், ஹென்றி இர்வின் முடித்தார், பெரிய கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது, 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டது. எதிரே பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ், கொஞ்சம் தள்ளி தபால் ஆபீஸ், அதற்கப்பால் பழைய சென்னை வங்கி. எல்லாம் உண்மைதான். அழகும்தான். ஆனால் இந்தச் சதுக்கத்தில் அன்றாடம் வந்து இறங்குகிற சனங்களில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்? கையில் மஞ்சப்பை, பைக்குள்ளே பிளாஸ்டிக் கவர், கவருக்குள்ளே மடிப்பு கிழிந்த காகிதம். கேசுக்கு வந்த கூட்டம்.

நாங்களும் அப்படித்தான் போனோம். வாலாஜாபாத் பக்கத்தில் எங்கள் சேரி. பெரியம்மா, இரண்டு தம்பிகள், நான். காலை ரயிலில் செங்கல்பட்டு வந்து, தாம்பரம் வழியாகக் கடற்கரைக்கு முந்தின கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் மத்தியானத்துக்கு மேல்தான் கோர்ட்டிலிருந்து வருவார் என்றார்கள். அதுவரைக்கும் சுற்றிப் பார்க்கலாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

பெரியம்மா கட்டிடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி.

"இன்னா கண்ணு இது, கோயிலா?"

"இல்ல பெரீம்மா, கோர்ட்டு."

"கோர்ட்டுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய கோபுரம்?"

கட்டிடக் கலை பற்றி நான் படித்த புத்தகம் எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பதில் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பாரி கட்டிடத்தின் மூலையில் ஒரு கல் தூண் நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது. 1773இல் கம்பெனி நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சிய ஒன்று. இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், கோட்டை வரைக்கும், யாரும் வீடு கட்டக்கூடாது என்பது அதன் பொருள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் நடுவில் மறைப்பு இருக்கக் கூடாது. இன்று உயர்நீதிமன்றம் நிற்கிற இடமெல்லாம் அப்போது வெறும் மைதானம்.

அது தானாக மைதானமாகிவிடவில்லை. அங்கேதான் பழைய கருப்பர் நகரம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது கோட்டைச் சுவருக்குப் பக்கத்து வீடுகளை இடித்தார்கள். 1749இல் இடம் திரும்பக் கிடைத்தபிறகு மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். 1750களின் கடைசிக்குள் நகரம் வடக்கே தள்ளப்பட்டுவிட்டது. அதுதான் பின்னால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று.

இடித்த இடத்தில் சென்ன கேசவப் பெருமாள் கோயில் ஒன்று இருந்தது. அதையும் விடவில்லை. ஆனால் கோயிலுக்குக் கம்பெனி மாற்று நிலம் கொடுத்தது, ரொக்கமும் கொடுத்தது. துபாஷ் மணலி முத்துகிருஷ்ண முதலியார் மேற்கொண்டு பணம் போட்டார். 1760களிலேயே பூக்கடைப் பக்கம் சென்ன கேசவர், சென்ன மல்லீசர் என்று இரட்டைக் கோயில்கள் எழும்பிவிட்டன. சாமிக்கு நிலம் போனால், பத்து வருசத்துக்குள் அளந்து, எழுதி, கணக்குத் தீர்த்துக் கொடுத்திருக்கிறான் வெள்ளைக்காரன். வேண்டும் என்றால் முடிந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

அதே நகரத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். பழைய ஆங்கிலப் பதிவுகளில் 'பெரிய பறச்சேரி' என்றே பெயர் வருகிறது. துரை வீட்டுச் சமையல், குதிரை லாயம், பட்டாளம், சுமை, தோட்டி வேலை என்று கோட்டையின் அன்றாடம் இவர்கள் கையில்தான் ஓடியது. சென்னைக்கு வயசு கொண்டாடும்போது வரிசையாகச் சொல்லப்படும் துபாஷ்கள், செட்டிகள், முதலிமார்கள் பட்டியலில் இந்தச் சேரி கிடையாது. தெருப் பெயர்களிலும் கிடையாது.

பழைய சட்டக் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு கல்லறை இருக்கிறது. உயரமான கூம்பு. கீழே இரண்டு பேர் கிடக்கிறார்கள். ஒருவர் ஜோசப் ஹின்மர், கம்பெனி அதிகாரி, 1680இல் செத்தவர். இன்னொன்று டேவிட் ஏல் என்கிற சின்னப் பையன். அவன் அப்பா எலிஹு ஏல், 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். ஹின்மரின் விதவையைக் கட்டிக்கொண்டவர். அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் சுமக்கிறது. அந்த இடம் அன்று ஆங்கிலேயர்களின் இடுகாடு. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது இந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டது. அதனால் பிற்பாடு இடுகாட்டைத் தட்டிச் சமமாக்கி, கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைக்குள் மேரி சர்ச்சுக்கு எடுத்துப் போனார்கள். ஏல் பையனின் கல்லறையை விட்டுவைத்தார்கள்.

சுற்றுலாக் கதையில் இது ஒரு அப்பாவின் துக்கமாகச் சொல்லப்படுகிறது. நான்கு வயசுப் பிள்ளை, துக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் 1680களில் இதே கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பா போகிற ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை அனுப்ப வேண்டும் என்று கோட்டைக் கவுன்சிலின் உத்தரவே இருந்தது. பஞ்சக் காலம். பசிக்கு விற்கப்பட்டவர்கள், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். 1688இல் முகலாயர்களின் நெருக்குதலால் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் ஏல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்கு வருத்தம் தெரிவித்தது. முந்நூறு வருசம் கழித்தாவது தெரிவித்தார்கள். கப்பல் ஏறினவர்களுக்கு இங்கே ஒரு கல் கிடையாது. அவர்கள் எந்தச் சேரி, எந்த ஊர், எந்தச் சாதி என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சரி, கோபுரத்துக்கு வருவோம்.

உயர்நீதிமன்றம் 1862 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அப்போது இந்தக் கட்டிடம் இல்லை. இதற்கான வேலை 1888இல் ஆரம்பித்தது. 1892 ஜூலை 12ஆம் தேதி கவர்னர் வென்லாக் பிரபு சாவியைத் தலைமை நீதிபதி சர் ஆர்தர் காலின்ஸ் கையில் கொடுத்தார்.

அதே வென்லாக். அதே வருசம். சரியாக 80 நாள் கழித்து, 1892 செப்டம்பர் 30ஆம் தேதி, அவருடைய அரசாங்கம் வருவாய்த்துறையில் 1010 என்ற எண்ணில் ஒரு ஆணை போட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அதன் பிறந்த நாள் அது. கட்டிடத்தின் தேதியைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆணையின் தேதியை நம் பிள்ளைகள் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் நான் அன்று அங்கே சுற்றினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆணையின் கதை எங்கள் மாவட்டத்துக் கதை. வாலாஜாபாத் என்ற பெயரே ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர். 1763இல் இந்த நவாப்தான் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தவர். ஆக சென்னைக்கு வெளியே வெள்ளைக்காரன் முதன்முதலாக நிலத்தோடு மல்லுக்கு நின்றது எங்கள் ஏரிப் பாசனத்தில்தான். வாலாஜாபாத்தில் பட்டாளம் கொண்டுவந்து வைத்தான். பட்டாளத்துக்குக் காய்ச்சல் கண்டு செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கதை ஊரில் இன்னும் பேசுவார்கள். அவர்கள் செத்தது வரலாறாகிவிட்டது. அதே ஏரிக்கரையில் நம்மவர்கள் செத்ததற்குத்தான் கணக்கில்லை.

இந்தச் சீமையில் நிலம் மிராசு முறையில் இருந்தது. ஊரில் உள்ள நன்செய், புன்செய் மட்டுமில்லை, தரிசிலும் மிராசுதாருக்கே முதல் பாத்தியதை. பறையர், சக்கிலியர் யாராவது தரிசு நிலம் கேட்டு தர்க்காஸ்து மனு போட்டால், முதலில் மிராசுதாரைக் கேட்பார்கள். அவர் எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உழவேண்டியதில்லை, விதைக்க வேண்டியதில்லை. மனு தள்ளுபடி. அதைவிடக் கொடுமை குடியிருக்கிற மனைக்கட்டு. சேரி நிற்கிற மண்ணே மிராசுதாருடையது என்று சாதித்தார்கள். படியாள் ஒருத்தன் கூலி குறைவு என்று வாய் திறந்தால் அன்று ராத்திரி வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்தைக் கோர்ட்டு ஏற்காது என்று சொல்லிவிட்டது. கோர்ட்டு ஏற்க வேண்டிய அவசியமே மிராசுதாருக்கு இல்லை, மனைக்கட்டு அவன் கையில் இருந்தது.

செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் இருந்த வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி இருவரும் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்கள். மதம் பரப்ப வந்தவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. சேரிக்குள்ளே போய்ச் சட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்களும் அவர்கள்தான். பிறகு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891 அக்டோபரில் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பை அரசுக்கு அனுப்பினார். வீடு, துணி, சோறு, கடன், படியாள் சீட்டு, மனைக்கட்டு எல்லாம் அதில் வருகிறது. நிலம் கொடு, மனைக்கட்டைப் பத்திரப்படுத்து, பள்ளிக்கூடம் வை என்பது அவர் கேட்டது. ரெவின்யூ போர்டுக்கு இது பிடிக்கவில்லை. கடைசியில் வெளிவந்த 1010ஆம் ஆணை டிரெமென்ஹீர் கேட்டதில் ஒரு பகுதியைத்தான் கொடுத்தது.

நம் மேடைகளில் இதைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் போட்ட சட்டம் என்று பேசுகிறார்கள். நோட்டீசிலும் அப்படியே அடிக்கிறார்கள். தோழர்களே, அது சென்னை அரசாங்கத்தின் ஆணை. வேறுபாடு சின்னது இல்லை. சட்டம் என்றால் புத்தகத்தில் இருக்கும், யாரும் எடுத்துக் காட்டலாம். ஆணையின் உயிர் பட்டாவில் எழுதப்படும் நிபந்தனையில் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பத்து வருசத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனை பதிவேட்டில் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கும். அந்த ஓரத்து எழுத்தை அழித்துவிட்டால் நிலம் போயிற்று. யாரும் அடிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். பதிவேட்டைப் புதுசாக எழுதுகிறவன் ஒரு வரியை விட்டுவிட்டால் போதும்.

பெரியம்மா பையில் இருந்த காகிதம் அந்த வகை. அவருடைய மாமனாரின் அப்பா பெயருக்கு வந்த நிபந்தனைப் பட்டா. நகலின் நகல். 1980களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது அந்தச் சர்வே எண் வேறொரு பெயரில் ஏறியிருக்கிறது. நிபந்தனைக் குறிப்பு காணோம். அதற்குப் பிறகு மூன்று கைமாறிவிட்டது. கடைசியில் வேலி போட்டு, கேட் போட்டு, காவலுக்கு ஆள் போட்டாயிற்று.

"நாங்க விக்கவே இல்ல கண்ணு. கைநாட்டு வச்சது மட்டும்தான். மாட்டுக் கடன்னு சொன்னாங்க."

இது பெரியம்மா கதை மட்டும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரைக்கும் ரோட்டோரம் நடந்து பாருங்கள், சேரிக்குச் சேரி இதே கதையை வேற வேற சர்வே எண்ணோடு சொல்வார்கள். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2006இல் நோக்கியா வந்து 2014இல் மூடிக்கொண்டு போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான். ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தைச் செண்டு கணக்கில் பேச ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பிள்ளைகள் காண்ட்ராக்ட் வேலைக்கு அங்கேதான் பஸ் ஏறுகிறார்கள். செண்டுக்கு விலை ஏறினபோது சேரிக்காரன் கையில் இருந்த காகிதம் மட்டும் ஏன் விலை இறங்கியது என்பதுதான் கேள்வி. 2022இல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்தபிறகு ஏகனாபுரம் சனங்கள் ஊர்கூடி எதிர்த்து நின்றார்கள். அங்கேயும் முதல் கேள்வி, யாரிடம் பட்டா இருக்கிறது என்பதுதான்.

பஞ்சமி நிலத்துக்காக ரத்தம் சிந்தியதும் எங்கள் மாவட்டத்தில்தான். காரணை கிராமத்தில் பறிபோன நிலத்தில் 1994இல் நம் சனங்கள் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். போலீஸ் பிடுங்கிக்கொண்டு போனது. அதைக் கண்டித்து அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். டிரெமென்ஹீர் குறிப்பு எழுதி 103 வருசம் ஆகியிருந்தது. கலெக்டர் இருந்த அதே செங்கல்பட்டில், அந்தக் குறிப்பில் சொன்ன நிலத்தைக் கேட்டதற்காக.

பெரியம்மா கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். கோர்ட்டுக்கு எதுக்குக் கோபுரம்? வெள்ளைக்காரனுக்கு முகலாயன் கட்டிய மாதிரி கட்டிக்காட்ட வேண்டியிருந்தது. முகலாயனின் வாரிசு நான்தான் என்று சனங்களுக்குச் சொல்ல வேண்டும். 1857க்குப் பிறகு இந்தியா முழுக்க அரசுக் கட்டிடங்கள் இந்த வேசம் போட்டது அதற்குத்தான். உள்ளே நுழைகிறவன் தலை தானாகக் குனிய வேண்டும். ஆனால் நம்மவர்கள் தலை குனிவதற்கு 1892 வரைக்கும் காத்திருக்கவில்லை. சென்னை மாகாணத்தின் 1816ஆம் வருசத்துப் பதினோராம் ஒழுங்குமுறை, சின்னக் குற்றங்களுக்குக் கீழ்ச்சாதிக்காரனைத் தொழுமரத்தில் மாட்டி வைக்க கிராம முன்சீப்புக்கு அதிகாரம் கொடுத்தது. மேல்சாதிக்காரனுக்குத் தொழுமரம் கிடையாது. வெள்ளைக்காரன் சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று சொல்லிக்கொடுத்த பாடத்தில் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

வளாகத்துக்குள் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட ராஜா. ஜெய்ப்பூர் உயர்நீதிமன்றத்தில் மனுவுக்கே 1989இல் சிலை வைத்தார்கள். அதை எதிர்த்து நம்மவர்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே இருப்பவன் வேறு மனு, தமிழ் ராஜா, நீதிமான் என்று நண்பர்கள் விளக்குவார்கள். இருக்கட்டும். பசுவுக்குக் கட்டிய ஆராய்ச்சி மணியை அடிக்கச் சேரிக்காரனை அரண்மனை வாசல் வரைக்கும் விட்டிருப்பார்களா என்று நான் கேட்டால் கோபப்படக் கூடாது.

உள்ளே பளிங்கில் உட்கார்ந்திருக்கிறார் முத்துசாமி அய்யர். 1878இல் இந்தக் கோர்ட்டில் நீதிபதியான முதல் இந்தியர். தெரு விளக்கில் படித்தவர் என்று பாடப்புத்தகத்தில் வரும். இந்தக் கோர்ட்டில் முதல் தலித் நீதிபதி ஏ. வரதராஜன் பதவி ஏற்றது 1973இல். கோர்ட்டு தொடங்கி 111 வருசம். 1980இல் அவர் உச்சநீதிமன்றத்துக்குப் போனார், அங்கேயும் அவர்தான் முதல் ஆள். நம் தெருவில் விளக்கே இல்லாமல் படித்தவர்கள் பற்றி எந்தப் பாடப்புத்தகம் எழுதப் போகிறது?

2023 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு படங்கள் கூடாது என்று. காஞ்சிபுரம் மாவட்ட நீதிமன்றங்களில் ஒன்றான ஆலந்தூரில் வக்கீல்கள் மாட்டிய அம்பேத்கர் படம்தான் அதில் வந்த சங்கதி. அரசியல் சட்டத்தை எழுதினவர் படத்துக்கு இடமில்லை என்றால் யார் படத்துக்கு? வக்கீல்கள் கொதித்தார்கள். சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைப் பார்த்துப் பேசிவிட்டு, படத்தை எடுக்க மாட்டார்கள் என்று அறிவித்த பிறகு அடங்கியது.

பக்கத்தில் சட்டக் கல்லூரிக் கட்டிடம். இதுவும் இர்வின் கைவண்ணம்தான். 1990இல் டாக்டர் அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 2008இல் தேவர் ஜெயந்திக்கு ஒட்டிய சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் விடுபட்டுப் போனார். விடுபட்டாரா, விடப்பட்டாரா என்பதுதான் சண்டை. நவம்பர் 12ஆம் தேதி வளாகத்துக்குள் மாணவர்கள் மோதிக்கொண்டதும், வாசலில் போலீஸ் நின்று வேடிக்கை பார்த்ததும் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. அடி விழுந்த காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அழிக்கப்பட்ட பெயரை ஒரு தடவை காட்டியிருக்கலாம். பிறகு கமிஷன், கேஸ். 2018இல் கல்லூரியையே இரண்டாகப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் அனுப்பிவிட்டார்கள். மாணவர்கள் மறியல் செய்தும் நிற்கவில்லை. சென்னை நடுவில், கோர்ட்டுக்கு எதிர்ப்படி, பத்து ரூபாய் டிக்கெட்டில் வந்து படித்துவிட்டு, சாயந்திரம் சீனியர் வக்கீல் ஆபீசுக்கு நடந்து போன சேரிப் பிள்ளைகளுக்கு அந்த வழி போயிற்று. கட்டிடம் மட்டும் அழகாக நிற்கிறது. பாரம்பரியக் கட்டிடத்தைக் காப்பாற்றினார்கள் என்று பேசுவதற்கு முன்னால் யாரைக் காலி செய்துவிட்டுக் காப்பாற்றினார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. 1750களில் பீரங்கிக்காகக் காலி செய்த அதே மண்.

நம்மவர்கள் இந்த நகரத்தில் கெஞ்சிக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. எங்கள் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்துக்காரர் இரட்டைமலை சீனிவாசன், 1893 அக்டோபரில் சென்னையில் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை தொடங்கினார். அந்தப் பெயரை அட்டையில் பெரிய எழுத்தில் போட எத்தனை துணிச்சல் வேண்டும். அதே வருசம் டிசம்பர் 23இல் வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூட்டம் போட்டு, சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்தினால் மேல்சாதி அதிகாரிகள் கையில்தான் நாங்கள் சிக்குவோம் என்று 112 அடி நீளத்தில் 3412 பேர் கையெழுத்துப் போட்ட மனுவை லண்டனுக்கு அனுப்பினார். தேசத் துரோகம் என்று அன்றைக்கே திட்டினார்கள். அந்தத் திட்டு இன்னும் ஓயவில்லை. மிராசுதார் வீட்டுப் பிள்ளை தாசில்தாராக வந்தால் தர்க்காஸ்து மனு என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் போட்ட கையெழுத்து அது.

சட்டமன்றத்தில் 1924 ஆகஸ்ட் 22இல் அவர் கொண்டுவந்த தீர்மானமும் நினைவில் இருக்க வேண்டியது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டிடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்கள் போக, புழங்கத் தடை இல்லை என்ற தீர்மானம். பாரிமுனையில் நாங்கள் நாலு பேர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடந்தோம், எவனும் கேட்கவில்லை. சாயந்திரம் ஊருக்குத் திரும்பினால் ஊர்த்தெரு வழியாகச் சாவு எடுத்துப் போகிறதற்கு ஒவ்வொரு தடவையும் பஞ்சாயத்து.

மத்தியானம் தம்பு செட்டித் தெருவில் வழக்கறிஞரின் மாடி அறைக்குப் போனோம். நம்மவர்தான். 2008இல் நீதிபதி கே. சந்துரு எழுதிய தீர்ப்பை எடுத்துக் காட்டினார். பஞ்சமி நிலத்தை வெளியாருக்குக் கைமாற்றியது செல்லாது, எத்தனை கைமாறினாலும் வாங்கினவனுக்கு உரிமை வராது என்கிற தீர்ப்பு. அதில் டிரெமென்ஹீர் பெயரும் வருகிறது. கோபுரத்துக்குக் கீழேயும் எப்போதாவது இப்படி எழுதப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2011இல் பஞ்சமி நிலத்தை மீட்க நீதிபதி மருதமுத்து தலைமையில் அரசு குழுவும் போட்டது. குழு போட்டதோடு சரி.

"தீர்ப்பு இருக்குது. உங்க நிலம் பஞ்சமின்னு காட்ற காகிதம் வேணும்" என்றார் வழக்கறிஞர். நகலின் நகல் போதாது. பழைய ரீசெட்டில்மென்ட் பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே குறிப்பு என்ன என்று பார்க்க வேண்டும். அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மனுப் போட வேண்டும். பிறகு 'ஏ' பதிவேடு, புதுப்பித்தலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டிலும் சான்றிட்ட நகல். அடங்கலில் யார் பயிர் வைத்தார்கள் என்று வருசா வருசம். வில்லங்கச் சான்று எவ்வளவு பழசு கிடைக்குமோ அவ்வளவும். முதல் கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவன் யார், வாங்கினவன் என்ன சாதி என்று அதில் தெரியும். இதைப் படிக்கிற தோழர்கள் அவரவர் ஊரில் இதே வரிசையில் தேடலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது பஞ்சமி நிலம் என்று மட்டும் கேட்காதீர்கள், அப்படி எதுவும் இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். கிராமத்தின் பெயர், பழைய சர்வே எண், எந்த வருசத்துப் பதிவேடு என்று கேளுங்கள். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள ஒப்புமைப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காகிதத்தைப் பழையபடி மடித்துக் கவரில் போட்டார்.

"எழும்பூருக்கு எப்போ போறோம்?"

"செவ்வாக்கெழமை போலாம் பெரீம்மா."

"செவ்வாக்கெழமை நூறு நாள் வேல கீது. புதங்கெழமை போலாம்."

புதன்கிழமை என்று முடிவாயிற்று.